முதல் பாதியில் விழுந்த கோல்கள்

ஸ்மோலியான் என்ற மலை ஊரின் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள் நான். எங்கள் ஓய்வறையில் பழைய டிவி ஒன்றும் வீடியோ கேம் பெட்டி ஒன்றும் உண்டு. வியாழக்கிழமை மதியங்களில் ப்ளோவ்டிவ் நகர டிப்போ டிரைவர்களோடு இணையம் வழியாகக் கால்பந்து ஆடுவோம். கோல் போடுவது நானும் மெக்கானிக் ருஸ்கோவும். தடுப்பது டிரைவர் ஜாப்ரியனின் வேலை.

இருபத்து நான்கு வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் அவர். யாரையும் முந்தவே மாட்டார் என்று பயணிகள் சலித்துக்கொள்வார்கள். ஆட்டத்திலும் அதே நிதானம். கோலுக்கு முன்னால் அவர் நிறுத்தும் நால்வரில் நடுவில் உயரமான ஒருவன், அவனுக்குத் துணையாக வேகமான ஒருவன், ஓரத்து இருவரும் மேலே ஏறவே கூடாது. நால்வரும் ஒரே கோட்டில் நகர வேண்டும்.

"பந்தைத் துரத்தாத வெலிச்கா. அது வரப்போற எடத்துல போய் நில்லு. கால நீட்டுறது கடைசி வேலை," என்பார்.

இரண்டு வருடத்தில் அந்த வரிசையைத் தாண்டி விழுந்த கோல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மார்ச் மாதம் அது உடைந்தது. ஒரே வியாழனில் மூன்று கோல். அடுத்த வாரம் நான்கு.

"அண்ணே, உங்க சுவத்துக்கு யாரு கதவு வெச்சது?" என்றான் ருஸ்கோ.

"எடது ஓரத்துல நிக்கிறவன் சரியில்லடா."

அந்த இடத்துக்கு மூன்று பேரை மாற்றிப் பார்த்தார். வரிசையைக் கோலுக்கு அருகே இறக்கினார். எதுவும் பலிக்கவில்லை.

நான்காவது வாரம் எனக்கு ஒன்று பிடிபட்டது. விழுந்த கோல் எல்லாமே முதல் பாதியில். முதல் பாதியில் எங்கள் கோல் திரையின் இடது ஓரத்தில் இருக்கும். பக்கம் மாறி அது வலது ஓரத்துக்குப் போனபின் ஒரு பந்துகூட அவரைத் தாண்டவில்லை. குறை அந்த நால்வரிடம் இல்லை.

அவருடைய பஸ்ஸின் இடப்பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடி அந்த மாதம் இருமுறை உடைந்திருந்தது. எங்கள் நாட்டில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால், எதிரே வரும் லாரிகள் இடப்பக்கமாகத்தான் கடந்து போகும்.

பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாத் தட்டை அவருக்கு இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன். "எனக்கு இல்லையா?" என்று ருஸ்கோவிடம் கேட்டார். ருஸ்கோ சிரித்தான். என்னால் முடியவில்லை.

"அண்ணே, இன்னிக்கு வண்டிய எடுக்காதீங்க. கண் டாக்டர்கிட்ட போயிட்டு வாங்க."

"கண்ணுக்கு என்ன? அந்த போர்டுல இருக்குற பொடி எழுத்தப் படிக்கட்டுமா?" படித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. "ஜனங்க ஏறிட்டாங்க, விடு," என்று கிளம்பிவிட்டார்.

முப்பத்தொரு பேருக்கு நானே டிக்கெட் கொடுத்திருந்தேன். ஓடிப்போய் அவருடைய இடப்பக்க ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். கையை ஆட்டினேன். அவர் பெல்ட் போட்டு, எஞ்சினைக் கிளப்பினார். என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் உருண்டது. ஜன்னல் கண்ணாடியில் ஓங்கி அறைந்தேன். பதறிப்போய் பிரேக்கை மிதித்தார்.

"எப்ப வந்த?"

"நீங்க ஏறுனதுலேர்ந்து இங்கதான் நிக்கிறேன். கைய ஆட்டிக்கிட்டே இருந்தேன்."

அவர் எஞ்சினை அணைத்து, சாவியை என்னிடம் நீட்டினார்.

மூளையின் பின்பக்கத்தில் ரத்தம் அடைத்து, இரண்டு கண்ணிலும் இடப்பாதிப் பார்வை போயிருக்கிறது என்றார் மருத்துவர். அங்கே இருட்டு தெரியாது, ஏதோ குறைகிறது என்றே தோன்றாது, போனது இனித் திரும்பாது என்றும் சொன்னார். லைசென்சை ஒப்படைத்துவிட்டு ஜாப்ரியன் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்தார்.

மே மாதம் ஒரு மதியம் மெதுவாகச் சொன்னார். "மார்ச்சுல ஒரு நாள், செப்பெலாரே ஊரத் தாண்டி ஒரு வளைவுல, எடது பக்கம் தொம்முனு ஒரு சத்தம். பனிக்கட்டி விழுந்துச்சுன்னு நெனச்சேன். நிறுத்தல."

மறுநாள் அவரே போலீசுக்குப் போனார். அந்தச் சாலையில் யாரும் அடிபட்டதாகவோ காணாமல் போனதாகவோ எந்தப் புகாரும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு மனம் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ருஸ்கோவின் காரில் மூவரும் அந்த வளைவுக்குப் போனோம். பனி முழுக்கக் கரைந்திருந்தது. ஜாப்ரியன் சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் சரிவில் இறங்கித் தேடினோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, நைந்துபோன கம்பளிக் கையுறை ஒன்று கிடைத்தது. யாருடையதாகவும் இருக்கலாம். ருஸ்கோ அதைக் காலால் புதருக்குள் தள்ளினான்.

"ஒண்ணும் இல்லண்ணே," என்றோம்.

"நல்லாப் பாத்தீங்களா?"

மறுபடியும் இறங்கினோம்.