பால்வெட்டுச் சட்டை

விமலகுமாரியின் முகம் எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. சட்டை தெரியும். ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வார்களே, ஆண்கள் சட்டை, அதுதான். புகை நிறம், கையிலும் நெஞ்சிலும் பால் கறை. குன்னத்துகால் பக்கம் அப்படி நூறு சட்டை நடமாடும். அதில் விலங்கியல் எம்.எஸ்சி. முதல் வகுப்பில் தேறிய சட்டை ஒன்றே ஒன்றுதான். இதை அவளிடமே சொன்னால் சிரிப்பாள். சிரிப்பது என்ன, உதட்டைக் கொஞ்சம் இழுப்பாள். வாய்விட்டுச் சிரிக்கும் அளவுக்கு அவளிடம் தெம்பு மிச்சமிருந்து நான் பார்த்ததில்லை.

பனச்சமூட்டில் ஒரு பாரலல் காலேஜில் நான் சரித்திரம் எடுத்தேன், அவள் விலங்கியல். கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளையும் வேலை கிடைக்காத வாத்தியார்களையும் ஒரே ஷெட்டுக்குள் அடைத்துவைக்கிற ஏற்பாடு அது. அவள் என்னைச் சோமன் சார் என்பாள். நான் டீச்சர் என்பேன். அவள் அப்பா காலமாகிவிட்டார். அம்மா ஆனந்தபாய்க்கு மகள் ஒருத்திதான். மகளுக்கு ஒரு நல்ல கல்லூரியில் நிரந்தர வேலை, அதற்குப் பிறகு ஒரு கல்யாணம் என்று அந்த அம்மா வரிசை போட்டு வைத்திருந்தாள். வரிசையில் முதலாவதே நகரவில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஒரு வழி திறந்தது. திருவனந்தபுரத்தில் அவளுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவர், மனிதர்கள் நெருங்கி நெருங்கி வருவதால் காட்டுக் குரங்குகளின் நடத்தை எப்படி மாறுகிறது என்று ஆராய ஒரு திட்டம் வாங்கியிருந்தார். எங்கள் பக்கத்துப் பாறைக்குன்றில் ஒரு குரங்குக் கூட்டம் உண்டு. குன்றைச் சுற்றி ரப்பர், ரப்பருக்குக் கீழே வாழையும் மரச்சீனிக் கிழங்கும். ஆராய்ச்சிக்குத் தோதான இடம். உள்ளூர்க்காரி, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று இவளைக் கூப்பிட்டார். நாலு வருஷம் பின்தொடர்ந்து எழுதினால் அதையே டாக்டர் பட்டத்துக்குக் கொடுக்கலாம். பட்டம் இருந்தால் கல்லூரி வேலை. ஆனந்தபாய் அம்மை அன்று கோயிலுக்குப் போய்வந்தாள்.

முதல் வருஷம் ஆராய்ச்சி என்று ஒன்றும் நடக்கவில்லை. குரங்குகள் இவளைக் கண்டு ஓடாமலிருக்கப் பழகவேண்டும், அதுதான் வேலை. இவள் ஏறி வருவதைக் கண்டதும் கூட்டம் பாறைக்கு அந்தப் பக்கம் மறையும். இவள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் அது இந்தப் பக்கம் வந்துவிடும். தின்னக் கொடுக்கக் கூடாது, கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, பையைத் திறக்கக் கூடாது, பக்கத்தில் வந்தாலும் தொடக் கூடாது. தினமும் ஒரே உடுப்பில் போகவேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற வேலை என்று நான் கிண்டல் செய்தேன். ஒரு நாள் கூடவே போய் உட்கார்ந்து பார்த்தேன். வெயில் ஏறுவதற்குள் பாறை அடுப்பாகிவிட்டது. அதோடு கிண்டலை விட்டேன்.

உடுப்பு விஷயத்தில் அவள் ஒரு யோசனை செய்தாள். அந்தக் குன்றடியில் குரங்குகள் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆட்கள் பால் வெட்டுகிறவர்கள்தான். தானும் அவர்களைப் போல இருந்தால் சீக்கிரம் பழகும் என்று, பக்கத்து வீட்டுச் சுகுமாரியிடம் இரண்டு பழைய சட்டை வாங்கிக்கொண்டாள். சுகுமாரி அந்தத் தோட்டத்தில்தான் பால் வெட்டினாள். படித்த மகள் பால்வெட்டுச் சட்டையோடு படியிறங்குவதைப் பார்த்து ஆனந்தபாய் அம்மைக்கு வந்த வேதனை கொஞ்சமல்ல. கொடியில் அந்தச் சட்டையை வீட்டுக்குப் பின்னால்தான் காயப்போடுவாள்.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு மாலை அவள் காலேஜுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். கூட்டத்தில் காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெண் குரங்கு உண்டு. பேராசிரியரிடம் அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணும். எங்களிடம் பேசும்போது பெரியம்மா முறை வைத்துப் பெரியம்மை என்பாள். அந்தப் பெரியம்மை அன்று இவளுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டதாம். இதிலென்ன என்று கேட்டேன். பயம் இருக்கிற பிராணி முதுகைக் காட்டாது என்றாள். வேலை உத்தரவு வந்தவள் மாதிரி அன்று அவள் முகம் இருந்தது. அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு குவாரி வந்தது. குன்றின் கிழக்குப் பக்கத்தை யாரோ குத்தகைக்கு எடுத்து வெடி வைத்தார்கள். லாரிகள் இரவு பகலாகத் தமிழ்நாடு-கேரள எல்லை தாண்டி ஓடின. குரங்குகள் தின்றுகொண்டிருந்த ஆலும் அத்தியும் அந்தப் பக்கம்தான் நின்றன. மரம் போனதும் கூட்டம் கீழே இறங்கியது. இறங்கினால் முதலில் சொக்கநாதன் பிள்ளையின் வாழைத்தோப்பு.

சொக்கநாதன் பிள்ளை வில்லேஜ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. ஓணத்துக்கு விற்க ஏத்தன் வாழை போட்டிருந்தார். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் குலைகள் கடித்துத் துப்பிக் கிடந்தன. அடுத்த வருஷமும் அதே கதை. விரட்டச் சொல்லிச் சுகுமாரியை ஏற்பாடு செய்தார். சுகுமாரி கம்பை ஓங்கிக்கொண்டு போனால் குரங்குகள் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி தின்னும். பிள்ளை வேட்டியும் வெறும் உடம்புமாக வந்தால் ஓடும். அவர் வீட்டுக்குத் திரும்பினதும் வந்துவிடும்.

சட்டையைப் பற்றி விமலா டீச்சருக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். மறுநாள் சேலை கட்டிக்கொண்டு, சட்டை இல்லாமல், குன்றுக்குப் போனாள். கூட்டம் அவளைக் கண்டு ஓடியது. பாறைக்குப் பின்னால் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். நின்றது. காலேஜ் வராந்தாவில் உட்கார்ந்து இதை எனக்குச் சொன்னாள்.

“அதுவ என்ன நம்பேல, சார். சட்டையாக்கும் நம்பிச்சு. இந்தச் சட்டைய இந்த ஊரில யாருதான் போடாம இருக்கா?”

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. குவாரிக்காரன் மேல் வந்திருக்கவேண்டும். அவன் கண்ணில் படாததால் பேராசிரியரைத் திட்டினேன். அவள் தடுத்தாள். சட்டையைத் தேர்ந்தெடுத்தது நான்தானே என்றாள்.

சொக்கநாதன் பிள்ளை ஒரு நாள் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன். சண்டை போடுகிற தொனி இல்லை. தோப்பைக் காவல் காத்துக் களைத்துப்போய்த்தான் வந்திருந்தார்.

“மக்கா, நீ கொரங்குக்க கஷ்டப்பாட்ட எழுதுத. எனக்க பாட்ட யாரு எழுதுவா? பண்டு ஆளக் கண்டா ஓடும். நீ போயி இருந்து இருந்து அதுக்க பேடியக் களைஞ்ச. இனி நீயே அதத் திரும்பக் குடு.”

பேடி என்று அவர் சொன்னது பயத்தை. வனத்துறைக்கு மனு கொடுக்கலாம் மாமா என்று மட்டும் அவள் சொன்னாள். மனு கொடுத்தோம். அந்த மனு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆபீஸ் நடை நடந்து அலுத்த பிள்ளை, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விஜயதாஸ் என்ற குரங்கு பிடிக்கிறவனைக் கூட்டிவந்தார். பிடித்து மலையில் விட்டுவிடுவான் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தான். விஜயதாஸ் தொழில் தெரிந்தவன். டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து குன்றையே பார்த்தான். மூன்றாம் நாள் சந்தையில் ஒரு பால்வெட்டுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, பழம் வைத்த கூண்டோடு தோப்புக்குள் போய் உட்கார்ந்தான். ஒரு வலையோ கண்ணியோ வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் பாதி தானாக நடந்து கூண்டுக்குள் போயிற்று.

சுகுமாரி ஓடிவந்து சொல்லி, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் டெம்போ கிளம்பிவிட்டது. நெருக்கத்தில் மூச்சுமுட்டிச் செத்த இரண்டு குட்டிகளை எடுத்து வரப்பில் போட்டிருந்தான். டீச்சர் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, நான் இதை நினைக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மிச்சத்தைப் பிடிக்க அடுத்த வாரம் வருவதாக விஜயதாஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைக்கு மனமிருந்தது. ஆனால் மற்ற தோட்டக்காரர்கள் நாலு பேர் அவனிடம் ஏற்கெனவே பேசிவைத்திருந்தார்கள்.

மிச்சமிருந்த கூட்டம் மறுநாளும் சட்டையைக் கண்டு ஓடவில்லை. அன்று சாயங்காலம் டீச்சர் என்னிடம் ஓலைப்படக்கம் வாங்கித் தரச் சொன்னாள். கோயில் திருவிழாவுக்குக் கொளுத்துகிற, ஓலையில் மடித்த வெடி. எதற்கு என்று நான் கேட்கவில்லை. சட்டையைக் கண்டாலே குரங்குகள் ஓடவேண்டும், அதற்குத்தான் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இதைச் செய்தால் நாலு வருஷ ஆராய்ச்சி போய்விடுமே, இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் பட்டம் ஆயிற்றே என்று மட்டும் சொன்னேன். ஆறு மாதத்தில் எழுதுவதற்குக் குரங்கு இருக்காது என்றாள்.

சுகுமாரியையும் கூட வெட்டுகிற இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டோம். எல்லோருக்கும் அந்தச் சட்டை. எனக்கும் ஒன்று, கை எட்டாதது. டீச்சர் முதலிலேயே சொல்லிவைத்தாள்: கல்லை மேலே படும்படி எறியக்கூடாது, பக்கத்துப் பாறையில் பட்டுச் சத்தம் வந்தால் போதும். குரங்குகள் எங்களைக் கண்டு அசையவில்லை. பெரியம்மை ஒரு குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. நான் முதல் படக்கத்தைக் கொளுத்தி எறிந்தேன்.

கூட்டம் கத்திக்கொண்டு சிதறியது. சுகுமாரி பக்கம் ஓடியதை அவள் கல்லெறிந்து திருப்பினாள். தாய் ஒன்று பயத்தில் தன் குட்டியை விட்டுவிட்டு ஓடி, பாதியில் நின்று, திரும்ப வந்து தூக்கிக்கொண்டது. அதன்பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் ஒரே சட்டைதான், ஆனாலும் அவை டீச்சரைத் தேடி ஓடின. வெடிக்குப் பயந்து அவளைச் சுற்றி வந்து ஒடுங்கின. பெரியம்மை அவள் காலடியில் வந்து, எங்களைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

சட்டையைத்தான் நம்பின, தன்னை நம்பவில்லை என்று அவள் சொன்னது தப்பு. அது அவளுக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அவள் கையில் கல் இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன், வேறென்ன செய்ய? கல் பாறையில் பட்ட சத்தம் வரவில்லை. பெரியம்மையின் முதுகில்தான் எறிந்திருந்தாள். அது எழுந்து, திரும்பி அவளைப் பார்த்தது. அவள் குனிந்து இன்னொரு கல்லை எடுத்தாள். அதற்குப் பிறகுதான் ஓடியது.

அந்த வாரம் முழுக்கத் தினமும் ஏறினோம். கடைசி நாள் அடிவாரத்தில் சட்டையைக் கண்டதுமே குன்றின் உச்சியில் கிளை ஆடிற்று, வேறொன்றும் தெரியவில்லை. “நல்லா ஓடுது, சார்” என்றாள். முழங்கால் வலிக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஜயதாஸ் வந்து மூன்று நாள் சட்டையோடு உட்கார்ந்துவிட்டு வெறும் கூண்டோடு போனான். டீச்சர் திருவனந்தபுரம் போய் நடந்ததைப் பேராசிரியரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் கத்தவில்லையாம். கையாலேயே கெடுத்த கூட்டத்தை வைத்து என்ன முடிவு எழுத முடியும் என்று கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பில்லை. திட்டம் முடிந்தது, பட்டமும் போயிற்று. அவள் மறுபடி எங்கள் ஷெட்டுக்கு வந்து மண்புழுவும் தவளையும் நடத்தினாள். பிறகு பி.எஸ்.சி. என்கிற அரசு வேலைத் தேர்வு எழுதி நெய்யாற்றின்கரையில் ஓர் ஆபீஸில் கிளார்க்கானாள்.

குரங்குகளை விரட்டிய அந்த வருஷ ஓணத்துக்குச் சொக்கநாதன் பிள்ளை தோப்பில் தேறிய ஏத்தன் குலைகளில் பெரியதாக ஒன்றைத் தோளில் சுமந்து வந்து அவள் வீட்டு வாசலில் இறக்கினார். உன் உபகாரம் மறக்கமாட்டேன் மக்கா என்றார். அவள் கைகூப்பினாள். அவர் போனதும் அந்தக் குலை முன்னால் உட்கார்ந்து அழுதாள். ஆனந்தபாய் அம்மை குலையை உள்ளே எடுத்துப்போய் மறைத்துவைத்தாள். பால்வெட்டுச் சட்டை இரண்டையும் சுகுமாரியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

போன மாதம் பனச்சமூடு ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். நரை விழுந்திருந்தது. குன்றில் கூட்டம் கொஞ்சம் பெருகியிருக்கிறது, பெரியம்மை மாதிரியே காது கிழிந்த ஒன்று அதில் உண்டு என்று சுகுமாரி சொன்னதை ஆசையாகச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்ப்போமா என்றும் கேட்டுவிட்டேன். அவள் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போயிட்டு என்னத்துக்கு, சார்? என்னக் கண்டா பேடிச்சு குட்டிய விட்டுட்டு ஓடும்.”

பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.