கோகிலவாணி திருப்பி வாங்கிய நாய்

கோகிலவாணி அக்காவிடம் நாய்க்குட்டி வாங்குவதைவிட ஒரு வீட்டில் பெண் கேட்டுப் போவது சுலபம். அவ்வளவு கேள்வி கேட்பாள். வேலி உண்டா, பகலெல்லாம் கட்டிப்போடுவீர்களா, வெளியூர் போனால் சோறு வைக்க ஆள் யார்? பதில் பிடிக்காவிட்டால் போச்சு. கார் போட்டுக்கொண்டு வந்தவராக இருந்தாலும், "உங்களுக்கு ஆடு சரியா வருமுங்க" என்று அனுப்பிவிடுவாள். மலைமேல் சோளக்காடு என்கிற எங்கள் ஊரில், அவள் வீட்டுக்கு எதிரே பலாப்பழமும் மிளகும் விற்கிறவள் நான். இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்தே பாதி வியாபாரத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

அவள் வளர்ப்பது ராஜபாளையம் நாய்கள். இடுப்பளவு உயரம், சுத்த வெள்ளை, ரோஜா நிறத்தில் மூக்கு. புருஷன் போன பிறகு, குச்சிக்கிழங்குக் காட்டில் பன்றி விரட்டுவதற்கென்று ஒரு பெட்டையைக் கொண்டுவந்தாள். அதுவே தொழிலாகிவிட்டது. ஆனால் பேராசை கிடையாது. ஒரு ஈத்து முடிந்ததும் அடுத்த பருவத்திலேயே இணை சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால், "பெத்தவ உடம்பு தேற வேண்டாமா?" என்று எரிந்து விழுவாள். குட்டி வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ஒரு சத்தியம் வாங்கிக்கொள்வாள். வளர்க்க முடியாமல் போனால் ரோட்டில் விடக் கூடாது, அவளிடமே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும்.

வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகள் செவிடாகவே பிறக்கும். அது அவளுக்கும் தெரியும். அதனால் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து தூங்கும்போது, பின்னால் போய் நின்று வட்டிலைக் கரண்டியால் டங்கென்று தட்டுவாள். எல்லாம் தலையைத் தூக்கிவிட்டால் அவளுக்கு நிம்மதி.

போன வருடம், செம்மேட்டுப் பக்கம் விடுதி நடத்தும் யுவராஜ் ஓர் ஆண் குட்டி வாங்கிப் போனான். அக்காவின் எல்லாக் கேள்விக்கும் முகம் கோணாமல் பதில் சொன்னவன். இந்தத் தை மாதம் அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ராஜா எங்க தோட்டக்காரரைக் கடிச்சிருச்சுங்க. கூப்ட்டாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. அப்படியொரு திமிரு. நாளைக்கு டாக்டர் வாராரு, ஊசி போட்டு முடிச்சிரலாம்னு இருக்கறேன்."

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று முதலில் கேட்டாள். போயிருந்தார். அப்புறம்தான், "எனக்குச் சத்தியம் பண்ணுனீங்களே தம்பி" என்றாள்.

"கடிக்கிற நாயை உங்க ஊட்ல கொண்டாந்து விட்டு, நாளைக்கு உங்களைக் கடிச்சா நானுங்களா பாவத்தைச் சுமக்கறது?"

அதிலும் நியாயம் இருக்கிறதே! அக்கா போனை வைத்தாள். கடையை மூடச் சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.  

யுவராஜ் எங்களை விடுதிக்குப் பின்னால் கூட்டிப் போனான். கொய்யா மரத்தடியில், சங்கிலியில் கட்டிய நாய் எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. "ராஜா" என்றாள் அக்கா. அசையவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். நானும் என் பங்குக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். விடுதியில் தங்கியிருந்தவர்கள் என்னவோ ஏதோவென்று வெளியே ஓடி வந்தார்கள். நாயின் காது மடல்கூட ஆடவில்லை.

அக்கா அதன் மூக்குக்கு எதிரே ஒரு சிறு கல்லைத் தூக்கிப் போட்டாள். மூக்கில் மண் தெறித்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு துள்ளி எழுந்தது. திரும்பி எங்களைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

"தோட்டக்காரரை எப்பங்க கடிச்சுது?"

"தூங்கிட்டிருந்துச்சுங்க. எழுப்பலாம்னு தொட்டிருக்காரு."

அக்கா என்னைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தேனு, இதுக்குக் காதே கேக்கலடி. அன்னிக்கு வட்டிலைத் தட்டுனப்போ பக்கத்துல படுத்திருந்ததெல்லாம் எந்திரிக்கவும் இதுவும் எந்திரிச்சிருக்குது. ஒண்ணொண்ணா தனியா வெச்சுல்ல தட்டிப் பாத்திருக்கோணும்! எம் புத்தியச் செருப்பால அடிக்க!"

யுவராஜுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நான் கூப்ட்டதெல்லாம்?"

"ஒண்ணுகூடக் கேட்டிருக்காதுங்க தம்பி."

"கூப்ட்டா வரலைன்னு அடிச்சேனே அக்கா."

"அது தெரிஞ்சிருக்குமுங்க."

அவனை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்தவள் நான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. என்ன செய்வான் பாவம், அவனுக்குத்தான் யார் சொன்னார்கள்?

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லீங்க, தப்பு எம்பேர்ல" என்றாள் அக்கா. "இதைப் பெத்த பெட்டைக்கும் கடுவனுக்கும் இனி இணை சேக்க மாட்டேன். குட்டி வேணும்னு சொல்லி வெச்சவங்ககிட்ட இல்லைன்னுர்றேன். இதுகூடப் பொறந்ததெல்லாம் எந்தெந்த ஊட்ல இருக்குதோ, அங்கெல்லாம் நானே போய்ப் பாக்கறேன். இதை எங்கூட அனுப்பிருங்க சாமி, கொன்னு போடாதீங்க."

"கொல்றதா? ஐயோ, இனி அந்தப் பேச்சே இல்லீங்க. ஆனா இங்கயே இருக்கட்டும் அக்கா. இப்பத்தான் வெவரம் தெரிஞ்சு போச்சே. கண்ணு மாதிரி வெச்சுப் பாத்துக்கறேன்."

அக்கா யோசித்தாள். எனக்கோ, பாவம், இவனிடமே விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. "சரி, கிட்ட வாங்க" என்றாள்.

யுவராஜ் அதன் முன்னால் மண்டியிட்டு, தலையைத் தடவிக் கொடுக்கக் கையைத் தூக்கினான். அவ்வளவு பெரிய நாய் வாலைக் கால்களுக்குள் சுருட்டி, வயிறு மண்ணில் பட ஒடுங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டது.

தூக்கிய கையை யுவராஜ் மெதுவாகக் கீழே இறக்கினான். அவனே மரத்திலிருந்து சங்கிலியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தான்.