மார்ச் ஒன்பதின் நான்காவது வரி

நூலகத்து வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. காலை எட்டரைக்குக் கதவு திறப்பதற்கு முன்பே அதில் நான்கு வரிகள் ஏறியிருக்கும். இந்தத் தேதியில் பிறந்தவர் ஒருவர், இறந்தவர் ஒருவர், உலகத்தில் நடந்த சங்கதி ஒன்று. நான்காவது வரி இந்த ஊருக்கே உரியது. பஸ்ஸைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடுகிறவர்கள்கூட அந்த நான்காவது வரியில் ஒரு கண்ணைப் போட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள். 'இந்த நாளில்தான் நம் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. முதல் குடத்தைப் பிடித்தவர் தையற்காரரின் மனைவி.' இப்படி ஏதாவது இருக்கும்.

எழுதுகிறவர் நூலகர் அல்ல; கூட்டிப் பெருக்கி, புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குகிற உதவியாளர். வயது நாற்பத்தொன்பது. படிப்பு எட்டாவதோடு சரி. ஊர் அவருக்கு வைத்த பெயர் தேதியக்கா. மேசைக்கு அடியில் ஆறு பிஸ்கட் தகர டப்பாக்கள், அவற்றில் நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தாறு அட்டைகள். பழைய செய்தித்தாள்களையும் கலைக்களஞ்சியங்களையும் சல்லடை போட்டுச் சலித்துப் பதினேழு வருடங்களாக அவர் சேர்த்தவை. பிப்ரவரி இருபத்தொன்பதின் அட்டையைத் துடைக்கும்போது மட்டும், "நாலு வருஷத்துக்கு ஒருநாள் வேலை, உனக்கென்ன குறை?" என்று திட்டுவார்.

ஊர்ச் சங்கதிக்கு அவரிடம் ஒரு சட்டம் உண்டு. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் அதையே சொல்ல வேண்டும். இல்லையென்றால் பலகைக்கு ஏறாது. ஒருமுறை மரக்கடை முதலாளி மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார்.

"இந்த ஊருக்கு முதல் லாரி கொண்டாந்தது எங்க தாத்தாதான். நாளைக்குப் போட்டுடுங்க."

"நீங்க ஒரு சாட்சி. ரெண்டாவதா யாருண்ணே சொல்வாங்க?"

"எங்க சித்தப்பா இருக்காரே!"

"ஒரே அடுப்புல சாப்பிட்டவங்க எத்தனை பேர் வந்தாலும் ஒரு சாட்சிதான்."

முதலாளி முறுக்கிய மீசையை அவிழ்த்துக்கொண்டு போனார். பெரிய பட்டம் வாங்கியவர்கள்கூடக் காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிடுகிற காலம் இது. எட்டாவது படித்த ஒருவர் தன் ஒரு வரிக்கு இவ்வளவு காவல் போட்டிருந்தார்.

இந்தச் சட்டம் அவரது சொந்த வீட்டில்தான் தலைவலி. மார்ச் ஒன்பதின் அட்டையில் ஊருக்கான வரி இப்படி இருந்தது: 'மில் தீ விபத்து. ஒரு தொழிலாளி இறந்தார்.' அந்தத் தொழிலாளி தேதியக்காவின் அப்பா. பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர். அப்போது அக்காவுக்கு ஆறு வயது. அப்பாவின் மண்வெட்டி மில்லுக்கு வெளியே, தொழிலாளர் வீட்டு வரிசையில் கிடந்தது. அதை வைத்து, 'வேலையிடத்தை விட்டு ஓடியவர்' என்று விசாரணைக் காகிதத்தில் எழுதி முடித்துவிட்டார்கள்.

"ஓடினவரு எதுக்குடி திரும்பிப் போய்ச் சுவர் விழுந்து சாகணும்?" என்று அம்மா கேட்காத வருடமில்லை. "ஊரான் வீட்டுப் பொணத்துக்கெல்லாம் எழுதுற. பெத்த அப்பனுக்கு ஒரு வரி கிடையாதா?"

"நீ வீட்டு ஆளும்மா. உன் சாட்சி செல்லாது."

"செல்லாக்காசுன்னு சொல்லு."

அம்மாவுக்கு இப்போது எழுபது. ஒரு கண் போய்விட்டது. மற்றதும் அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "அது அணையறதுக்குள்ள அவரு பேரைப் பலகையில படிச்சிடணும்" என்று அம்மா இந்த வருடம் சண்டை போடாமல் மெதுவாகக் கேட்டார். சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது மகளுக்கு.

மார்ச் ஏழாம் தேதி மதியம், பஸ் டிப்போவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த மெக்கானிக் ஒருவர் கிரீஸ் படிந்த கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"அக்கா, நாளன்னிக்கு எனக்குப் பிறந்தநாள். பலகையில போடுவீங்களா?"

"அன்னிக்கு விண்வெளிக்கு முதல்ல போனவர் பிறந்தநாள் இருக்கு தம்பி. நீங்க எங்க போனீங்க?"

"அவர் ராக்கெட்ல போனாரு. நான் தள்ளுவண்டில வந்தேன்க்கா. இந்த ஊர் மில் எரிஞ்ச அன்னிக்கு, நடுரோட்டுல."

தேதியக்காவின் கையிலிருந்த தூசித் துணி அப்படியே நின்றது. "யார் சொன்னாங்க?"

"எங்கம்மா. தங்கச்சி வீட்ல இருக்காங்க. பேசுறீங்களா?"

தொலைபேசியை வாங்கியவர் தான் யார் என்று சொல்லவில்லை. சொன்னால் சாட்சி கெட்டுவிடும். பென்சிலை எடுத்துக்கொண்டு, "அன்னிக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"அதை ஏம்மா கேக்குற! இடுப்புவலி எடுத்துக் கிடக்கேன். யாரோ மில்லுக்காரரு, பேரு தெரியாது, கரி அள்ளுற மண்வெட்டியால கதவு கதவா இடிச்சுட்டு வர்றாரு. 'எல்லாரும் வெளிய ஓடுங்க, பாய்லர் வெடிக்கப் போகுது'ன்னு கத்துறாரு. என்னைத் தூக்கிப் படுக்க வைக்கக் கை வேணுமேன்னு மண்வெட்டியை எங்க வாசல்லயே போட்டாரு. வண்டியில ஏத்திவிட்டு, 'நான் போய் பாய்லர் ஆவியைத் திறந்துவிடணும், இல்லேன்னா வெடிச்சிடும்'னு மில்லைப் பார்த்தே திரும்பி ஓடினாரு. ஒரு கால்லதான் செருப்பு. வெறுங்கால் சூட்டுல பொசுங்குமேன்னு அந்த வலியிலயும் நினைச்சேன். என்னமோ, பாய்லர் வெடிக்கல. அவரு என்ன ஆனாரோ, நாங்க அன்னிக்கே ஊரை விட்டுட்டோம்."

"சரிம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். பென்சில் முனை ஒடிந்திருந்தது. மெக்கானிக் ஒன்றும் புரியாமல் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நூலகர் மெல்ல வந்தார். அக்காவைவிடப் பத்து வயது இளையவர். "அக்கா, அப்புறம் என்ன? எழுதிடுங்க."

"ஒரு சாட்சிதானே சார் ஆச்சு. பையனும் அம்மாவும் ஒரே அடுப்பு."

"உங்க அம்மா இருக்காங்களே. கொத்தனார் பாலத்துல செத்ததை எழுதினப்போ அவர் சம்சாரம் சொன்னதை ஒரு சாட்சியா எடுத்தீங்க. உங்க வீட்டுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"எங்க வீடுங்கறதாலதான் சார்."

சொல்லிவிட்டாரே ஒழிய, அந்தக் கேள்வி செருப்பில் புகுந்த முள்ளாக வீடு வரை கூடவே வந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தேதியக்கா எதிரே தரையில் உட்கார்ந்து, புதிதாகச் சீவிய பென்சிலை எடுத்தார்.

"அன்னிக்குக் காலையிலேருந்து சொல்லு."

"என்னடி புதுசா?"

"சாட்சி கேக்குறேன்."

நாற்பத்து மூன்று வருடங்களில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. மில்காரர்கள் கேட்கவில்லை, விசாரணைக்காரர்கள் கேட்கவில்லை. ஊர்க் கதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிய மகளும், செல்லாது என்று வாயை அடைத்தாளே தவிர, ஒருநாளும் கேட்டதில்லை.

"காலையில கிளம்பறப்போ இடது செருப்போட வார் பிஞ்சு போச்சு" என்று அம்மா தொடங்கினார். "சங்கு ஊதிடுச்சு, தைக்க நேரமில்ல. ஊக்கு குத்திக் கொடுத்தேன். நடந்தா நிக்கும், ஓடினா நிக்காதுன்னு சொன்னேன். 'நான் எங்கடி ஓடப் போறேன்'னு சிரிச்சுட்டுப் போனாரு."

பென்சில் நின்றது. ஒரு கால் செருப்பைப் பற்றி அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊக்கைப் பற்றி அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பெண்கள், இரண்டு அடுப்புகள்.

"ஏண்டி, எதுக்கு இப்ப அழற?"

"சாட்சி செல்லும்மா."

மார்ச் ஒன்பது காலை எட்டு மணிக்கே நூலகர் நாற்காலி கொண்டுவந்து பலகைக்கு எதிரே போட்டார். அம்மா சலவைப் புடவையில் வந்து உட்கார்ந்தார். முதல் மூன்று வரிகள் வழக்கம்போல. நான்காவது வரி அன்று மூன்று வரியாக நீண்டது: 'மில் எரிந்த நாள். பாய்லர் தொழிலாளி வீடு வீடாகக் கதவு தட்டி எல்லோரையும் காப்பாற்றி, ஆவியைத் திறந்துவிட ஓடிப்போய் உயிர்விட்டார். அவர் வண்டியில் ஏற்றிவிட்ட தாய்க்கு அன்றே பிறந்தவர் நம் டிப்போ மெக்கானிக்.' தொழிலாளியின் பெயர் மட்டும் கை அகலத்துக்கு, நீல சாக்பீஸில்.

டிப்போவுக்குப் போகிற வழியில் நின்ற மெக்கானிக் அதை இரண்டு முறை படித்தார். "அவர் சம்சாரம்தான் இவங்க" என்றார் நூலகர். பலகையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மா, நான்தான் அந்த வண்டிப் பிள்ளை" என்றார். அம்மா அவர் தலையைத் தடவிப் பார்த்தார்.

பிறகு எழுந்து பலகைக்கு நெருங்கிப் போய், மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, பெயரை எழுத்து எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தார். பலகையை யாரையும் தொட விடாத தேதியக்கா அன்று தடுக்கவில்லை. கடைசி எழுத்து அம்மாவின் விரலோடு போய்விட்டது.

"எழுத்து கோணலா இருக்குடி."

"கை நடுங்கிடுச்சும்மா."

"பதினேழு வருஷம் எழுதற கை! அழிஞ்சதைச் சரியாப் போடு. எட்டரை பஸ்ஸுக்கு ஆளுங்க வந்துடுவாங்க."

தேதியக்கா நீல சாக்பீஸை எடுத்தார்.