பதினொன்றுக்குப் பதினொன்று

மனைவிக்கு மஞ்சள் காமாலை வந்த அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மண்டி மொஹல்லா வீட்டில் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். குண்டலுபேட்டை பக்கம் ஒருவர் பச்சிலை கொடுக்கிறார், போனவர்கள் எல்லோருக்கும் குணமாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் ஒரே பேச்சு. நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வருகிற சரக்கைச் சோதித்து வாங்குவதுதான் என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவளை அழைத்துப் போனேன். வரிசையில் அவளை நிற்க வைத்துவிட்டு, ஏற்கெனவே மருந்து குடித்துவிட்டு இப்போது கையில் தேங்காயோடு வந்திருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். "குணா ஆய்த்து சார்", "சுத்தமா சரியாயிடுச்சு" என்று கன்னடத்திலும் தமிழிலுமாகப் பதினோரு பேரும் ஒன்றையே சொன்னார்கள். பதினொன்றுக்குப் பதினொன்று! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இலைச்சாற்றைக் குடிக்க வைத்தேன். ஆஸ்பத்திரிப் பக்கமே போகக்கூடாது என்றார் வைத்தியர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் தொழிற்சாலைக்கு லோடு வந்தது. உடன் வேலை செய்பவர் பெட்டியின் மேலடுக்கிலிருந்தே பத்து உருப்படிகளை எடுத்தார். "மேல நல்லதாப் பார்த்துத்தான் வெச்சிருப்பான், அடியிலிருந்து எடுங்க சார்!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. குணமானவர்கள்தான் நன்றி சொல்லத் தேங்காயோடு திரும்பி வருவார்கள். ஆகாதவர்கள் அங்கே எதற்கு வரப்போகிறார்கள்? அந்தப் பதினோரு பேரில்கூட எத்தனை பேருக்குக் காமாலை தானாகவே இறங்கியதோ! நான் மேலடுக்கை மட்டும் எண்ணிவிட்டு வந்திருக்கிறேன்.

லீவு எழுதிக் கொடுக்கக்கூடப் பொறுமையில்லை. பஸ் நின்று நின்று போனது. டிரைவர் மேல் எரிச்சல், என் மேல் அதைவிட எரிச்சல். வீட்டில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டால் பேச்சு குழறியது. அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த வார்டில் இன்னும் இரண்டு பேர் அதே இலைச்சாற்றைக் குடித்துவிட்டு வந்து கிடந்தார்கள்.

பத்து நாள் கழித்து அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினோரு பேர் கணக்கையும், அதில் நான் எங்கே தப்பு செய்தேன் என்பதையும் விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"அங்க இருந்த அத்தனை பேரையும் கேட்டீங்க. பஸ்ஸிலயே நான் சொன்னேனே, எனக்கு ரொம்ப முடியலை, ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்னு. அது காதுல விழலையா?"

விழுந்தது. ஒரே ஒரு ஆள் சொல்வதை வைத்து எப்படி முடிவுக்கு வருவது என்று அன்றைக்கு நினைத்தேன்.