இடிக்கு நடுவே ஒரு கண்டெய்னர்

எங்கள் வீட்டில் இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு கறுப்பு ஸ்டோரேஜ் பெட்டி இருக்கிறது. என் மனைவி வீட்டில் பாட்டு சொல்லித் தருகிறாள். பதினோரு வருஷ வகுப்புப் பதிவுகள் முழுக்க அதற்குள்தான். வேறு நகல் கிடையாது. அது என் சோம்பல். யாரும் எனக்கு உபதேசம் பண்ண வேண்டாம்.

அந்தப் பாட்டுகளை அவள் ஃபோனிலேயே தேடிக் கேட்க ஒரு மென்பொருள் உண்டு. அது ஓடக் கண்டெய்னர் வேண்டும். ஒரு மென்பொருளை அதன் தட்டுமுட்டுச் சாமான்களோடு தனி டப்பாவில் அடைத்து ஓடவிடும் ஏற்பாடு, அவ்வளவுதான். பெட்டியின் ஆப் பட்டியலில் தேடினேன். என் மாடலுக்குக் கிடையாதாம். எனக்கு எது கிடையாது என்று சொல்ல இந்தப் பெட்டி யார்?

கழக்கூட்டம் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மைத்துனனை, மனைவியின் தம்பியை, ஃபோனில் கூப்பிட்டேன்.

“அத்தான், இதே பிராசஸர் உள்ள பெரிய மாடலோட கண்டெய்னர் ஃபைலை இறக்கி மேனுவலா போடுங்க. பேடிக்க ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. பாதியில கரண்ட் மட்டும் போகக்கூடாது, கேட்டீங்களா?”

அது துலா மாதம், அதாவது ஐப்பசி. மூன்று மணியானால் இந்த ஊரில் இடி இடிக்கும். முதல் இடிக்கே வீட்டுக்கு வீடு டிவி, மோடம், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். அதனால் காலையிலேயே உட்கார்ந்தேன். மூன்று தடவை தப்பான ஃபைலை இறக்கினேன். சரியானது கிடைத்தபோது மணி இரண்டே முக்கால். பிளக்குக்கு மேலே ஒரு தாள் ஒட்டினேன்: ‘தொட்டால் கொலை.’

“யாருக்கு இது? வீட்டுல நான் ஒருத்திதானே இருக்கேன்?”

“உனக்குத்தான்.”

ஃபைலைப் போட்டேன். பாதிக்கு மேல் ஏறியிருந்தது. இடித்தது பாருங்கள், ஜன்னல் அதிர்ந்தது. நான் எழுந்ததே தெரியவில்லை. பார்த்தால் பிளக் என் கையில்.

மனைவி வாசற்படியில் நின்று தாளையும் என்னையும் பார்த்தாள். “இப்பம் யாரைக் கொல்லணும்?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “என் பாட்டெல்லாம்?”

மழை விட ஒரு மணி நேரம் ஆனது. அவள் அடுப்பங்கரையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பிளக்கைச் சொருகினேன். ஆரஞ்சு விளக்கு மினுக்கி மினுக்கி உயிரை வாங்கியது. ஒருவழியாகப் பச்சை. பாட்டுகள் அத்தனையும் இருந்தன. அதே ஃபைலை மறுபடி போட்டேன். இந்தத் தடவை சண்டை போடாமல் ஏறிக்கொண்டது. பாட்டு மென்பொருளும் அதற்குள் போய் உட்கார்ந்தது.

மனைவி ஃபோனில் ஆகப் பழைய பதிவை அமுக்கினாள். நாலைந்து பிள்ளைகள் வர்ணம் பாடுகிறார்கள். நடுவில் ஒரு இடி. உடனே என் குரல்: “பிளக்கைப் பிடுங்கு! பிடுங்கு!” அத்தோடு பதிவு முடிந்துவிட்டது.

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. தம்பியைக் கூப்பிட்டு அவனுக்கும் போட்டுக் காட்டினாள்.

மறுநாள் நகல் எடுக்க இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கி வந்தேன். இப்போது நகல் ஏறிக்கொண்டிருக்கிறது. இடித்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.