அக்காவின் குரல் இருந்த ஹார்ட் டிஸ்க்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் மற்றப் பக்கங்களில் அவர் படங்கள் இருக்கின்றன. குரலை அச்சடிக்க வழியில்லை என்பதால், அதைப் பற்றி எழுதும் வேலை தம்பியாகிய எனக்கு வந்து சேர்ந்தது.

அக்கா காவேரிப்பட்டினத்தில் பிறந்தார், ஓசூரை அடுத்த பாகலூரில் வாழ்க்கைப்பட்டார். மகன் குமரேசன் நடை பழகும் முன்பே மாமா காலமானார். அக்கா ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கும் வேலைக்குப் போய் மகனைப் படிக்க வைத்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் திட்டுவார். மூன்றிலும் தாலாட்டுவார். பண்ணை வண்டி ஓட்டுநர் ஆட்களை எண்ணியதே இல்லை. "அந்தம்மா சத்தம் கேட்டுடுச்சா, அப்ப எல்லாரும் ஏறிட்டாங்க" என்று வண்டியை எடுத்துவிடுவார்.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால் பிழைக்கலாம் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு குமரேசன் அம்மாவைப் பேசவும் பாடவும் வைத்துக் கைபேசியில் பதிந்தான். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, இடம் போதவில்லை என்று கைபேசியில் இருந்ததை அழித்தான். இன்னொரு நகல் எடுத்து வை என்றேன். "எடுத்துக்கலாம் மாமா" என்றான். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே என் கையெழுத்து வேண்டியிருந்ததால் நான் சொன்னதைக் கேட்டார்கள். வீட்டில் அந்தத் தேவையும் இல்லை.

அதன்பின் அக்கா டம்ளரைத் தட்டித்தான் எங்களைக் கூப்பிட்டார். பதிவை ஒருமுறை போட்டபோது, நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். தாம் போன பிறகு போடும்படி சைகையால் சொன்னார்.

காரியத்தன்று, அவருக்குப் பிடித்த காராபூந்தி, வெற்றிலையோடு அந்த ஹார்ட் டிஸ்க்கையும் படையலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மீது வைத்து டிவியில் இணைத்தார்கள். அது சுழலத் தொடங்கியது. குரல் வருவதற்குள், விழுந்து கும்பிட்டு எழுந்த ஒருவர் காலில் ஒயர் சிக்கியது. கிரானைட் தரையில் விழுந்த டிஸ்க், டக் டக் என்று தட்டியது.

"யாரும் ஆன் பண்ணாதீங்க. உள்ள தட்டு கீறிடும். அப்படியே பெங்களூருக்குக் கொண்டு போகணும்" என்றேன்.

ஓசூர்ப் பக்கம் துக்க வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரிப்பேர் தெரிந்தவர்கள். துக்கம் கேட்டார்கள், காபி குடித்தார்கள், ஆளுக்கொரு முறை இணைத்துப் பார்த்தார்கள். உறவினரை பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பியபோது, தொழிற்சாலை டூல் ரூமில் நுண்கருவிகள் செய்யும் சித்தப்பா மகன் வேலு அதைத் திறந்தே விட்டிருந்தான். மூடியில் குங்குமப் பொட்டு.

"மைக்ரான்ல வேலை செய்யுற கை இதுண்ணா. பொட்டு வெக்காம எந்த மிஷினையும் தொடமாட்டேன். தூசிதான் இருந்துச்சு, ஊதி உட்டுட்டேன்."

அவன் கண்களும் சிவந்திருந்தன. அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை அவன். சிதறிக் கிடந்த திருகுகளைப் பொறுக்கினேன்.

பெங்களூரில், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து பதிவுகளை மீட்கும் இடத்தில், தூசி புகாத அறையில் அதைப் பிரித்துப் பார்த்த பெண், கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "யாரு சார் இதத் தெறந்தது? உள்ள என்னமோ செகப்பா இருக்குது."

"குங்குமம்மா. பூஜை போட்டோம்."

அவர் சிரிக்கவில்லை. தட்டு முழுக்கக் கீறல் என்றார். அதிலிருந்து மீண்டது ஒரே ஒரு துண்டு. "ம்மா, ரெடி. பேசு" என்கிறான் குமரேசன். நாற்காலி நகர்கிறது. அக்கா மூச்சை உள்ளே இழுக்கிறார். அத்தோடு முடிகிறது.

அதைக் கேட்ட வேலு எழுந்து வெளியே போனான். குமரேசன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நோயில் உடனிருந்தவர்களுக்கும், காரியத்துக்கு வந்தவர்களுக்கும், சரிசெய்ய முயன்ற அத்தனை கைகளுக்கும் எங்கள் நன்றி. இதுவரை பார்த்த கல்யாண வீடியோக்களில் அக்காவின் வாய் அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. உங்கள் யாருடைய கைபேசியிலாவது அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால், அது திட்டாக இருந்தாலும் சரி, தயவுசெய்து தெரிவியுங்கள். எடுத்து வர வேண்டாம், வேறெதற்கும் மாற்ற வேண்டாம், பொட்டும் வைக்க வேண்டாம். அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நாங்கள் வந்து கேட்டுக்கொள்கிறோம்.