கண்ணில் படாத வெள்ளை

முறத்தில் பருப்பைக் கொட்டி ஒரு தட்டுத் தட்டினாள் என்றால், அப்புறம் அம்சவள்ளியிடம் யாரும் முகம் பார்த்துப் பேச முடியாது. கேட்டதற்குப் பதில் வரும், ஊர் வம்பு வரும், நடுவே ஒரு கொட்டாவிகூட வரும். முகம் மட்டும் நிமிராது. இடது கை முறத்தை அசைத்துக்கொண்டே இருக்க, வலது கையின் இரண்டு விரல் கோழி கொத்துவதுபோலக் கொத்தும். கறுத்தது, சூம்பியது, மண்ணாங்கட்டி, பொடிக்கல் எல்லாம் முழங்காலுக்குப் பக்கத்தில் போய் விழும். கை பழகிய பிறகு, நல்ல பருப்பு ஒன்று தவறிப்போய் அங்கே விழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற மல்லாட்டை மில்லில், தகரக் கொட்டகைக்குக் கீழே, பெண்கள் வரிசையாகக் குந்திப் பருப்புப் பொறுக்குவார்கள். கண்டாச்சிபுரத்திலிருந்தும் திண்டிவனத்துப் பக்கமிருந்தும் வண்டி வண்டியாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வரும். மெஷின் உடைத்துத் தள்ளும். பொறுக்கிய பருப்பு மூட்டையாகிப் புதுச்சேரிக் கப்பலுக்குப் போகும். அம்சவள்ளி காணை கிராமத்துப் பக்கத்திலிருந்து நடந்தே வந்து போகிறவள். வரிசையில் அவளுக்குப் பிடித்தமான இடம் இடக்கோடி. அதற்கு இடது கைப் பக்கம் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு.

இந்த வேலையில் ஒரு கண்ணி இருக்கிறது. மெஷினின் வாயில் அகப்பட்டுத் தோல் கழன்ற பருப்பு சிலது, சிவப்புக்கு நடுவே வெள்ளை வெளேரென்று பல்லை இளிக்கும். புதிதாக வருகிறவள் கை நேரே அதற்குத்தான் போகும். ஆனால் அது நல்ல பருப்பு, எடுக்கக்கூடாது. எடுக்க வேண்டிய சொத்தையோ மண் நிறத்தில் பதுங்கிக் கிடக்கும். அம்சவள்ளியும் வந்த புதிதில் வெள்ளையைப் பொறுக்கிப் போட்டு மேஸ்திரி கோதண்டபாணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். "கல்யாண வூட்டுக்கு வந்தவளாட்டம் பளபளப்பையே பார்த்துக்கினு குந்திக்கினு இருக்கியேம்மே!" என்பாராம்.

அந்தப் பழக்கம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் சிரிப்பாள். "பார்க்காத, பார்க்காதன்னு சொல்லிக்கினு இருந்தா அதுதான் கண்ணு முன்னால வந்து குந்திக்கும். கண்ணுக்கு ஒண்ணும் சொல்லக் கூடாது. வேலையைக் குடுத்துட்டு நாம சும்மா இருந்துடணும். ஒரு நாள் பார்த்தா வெள்ளை இருக்கும், ஆனா இருக்காது."

இருக்கும், ஆனால் இருக்காது. பருப்புக்கு மட்டும் அவள் சொன்ன பேச்சு இல்லை இது.

அந்தத் தராசில் மூட்டை தூக்கிவைக்கிற துரைக்கண்ணு அவளுக்குத் தாலி கட்டினவன். மகள் சௌந்தரம் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த காலத்தில், வேறொருத்தியோடு போய்க் குடித்தனம் வைத்துவிட்டான். பஞ்சாயத்து கூடிற்று, கலைந்தது. மில் வேலையை அவனும் விடவில்லை, அவளும் விடவில்லை. விட்டால் சோறு ஏது? கூப்பிடு தூரம்கூட இல்லை, கை நீட்டும் தூரம். முதல் வருஷம் அவள் என்ன பாடுபட்டாள் என்பது பக்கத்தில் உட்காருகிற சவுரியம்மாளுக்குத்தான் தெரியும். பிறகு ஒரு நாள் அவன் மூட்டையை அவள் முன்னாலேயே தொப்பென்று போட்டுப் புழுதி கிளப்பிக்கொண்டு போனான். சவுரியம்மாள் குறும்பாக, "யாருடி அது போறது?" என்று கேட்டாள்.

"எங்க?" என்று நிமிர்ந்து இரண்டு பக்கமும் பார்த்தாள் அம்சவள்ளி.

வீம்பு என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

இப்படியே போயிருந்தால் அவளைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. இந்த வருஷம் கார்த்திகையில் மூட்டைகள் திரும்பி வந்தன. தோல் கழன்ற பருப்பு கப்பலிலேயே காறிப்போகிறதாம்; பக்கத்துப் பருப்பையும் கெடுக்கிறதாம். கோதண்டபாணி கொட்டகை நடுவில் நின்று சத்தம் போட்டார்: "இன்னிலேருந்து சொத்தையோட வெள்ளையையும் எடுத்துடணும். எவ முறத்துல வெள்ளை நிக்குதோ, அவ திங்கக்கெழமை வர வேணாம். மொதலாளி உத்தரவு, என்னை நொந்துக்கினு பிரயோசனமில்ல!"

"ப்பூ, இதுக்கு இன்னா இம்மாம் சத்தம்!" என்றாள் அம்சவள்ளி. வழக்கம்போல அவள் முறம்தான் முதலில் முடிந்தது. மேஸ்திரி கையை விட்டு அளைந்தார். ஒரு பிடி வெள்ளை வந்தது. இன்னொரு தடவை அளைந்தார், அதிலும் வந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று மற்றவர்கள் தேற்றினார்கள். மத்தியானமும் சறுக்கிற்று, மறுநாளும் சறுக்கிற்று. போன மாதம் வேலைக்கு வந்த பொன்னி, இன்னும் முறம் பிடிக்கவே வராதவள், வெள்ளையை மட்டும் சளைக்காமல் எடுத்து எறிந்தாள். "அத்தே, இதோ பாரு, இதோ, இதோ" என்று அம்சவள்ளியின் முறத்தில் விரல் வைத்துக் காட்டினாள். விரல் தொட்ட பிறகுதான் அது அம்சவள்ளிக்கு வெள்ளையாகத் தெரிந்தது. விரல் நகர்ந்ததும் மறுபடி சிவப்போடு சிவப்பாகப் போய்விட்டது.

"கண்ணுல பூ விழுந்துடுச்சோ இன்னாவோ" என்று கொட்டகையில் கிசுகிசுத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் குந்தி ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாள். ஒரே தடவையில் நுழைந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சௌந்தரம், "இன்னாத்துக்கும்மா இந்நேரத்துல ஊசி?" என்று கேட்டாள். நிறைமாதம். மருத்துவச்சிக்குச் சொல்லியாயிற்று. பிள்ளைக்குத் தொட்டில் துணி இனிமேல்தான் வாங்க வேண்டும். மில் வாசல் சாத்திவிட்டால் அறுப்பு வரைக்கும் வேறு கூலி கிடையாது. அம்சவள்ளி நூலை உருவி எடுத்தாள். மகளிடம், "சும்மாதாண்டி" என்றாள்.

கண்ணை மறக்கப் பழக்கினவளுக்கு அதை நினைக்கப் பழக்கத் தெரியாதா? மறுநாள் காலையில் வழியெல்லாம் வெள்ளையாகத் தேடிக்கொண்டு வந்தாள். நடவு வயலில் கொக்கு, வரப்பில் தும்பைப்பூ, சுண்ணாம்பு அடித்த மைல்கல், எதிரே வந்த ஐயர் மார்பில் பூணூல். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். "அதோ வெள்ள, இதோ வெள்ள." எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். போகட்டும். தன் பழைய பாடத்தையே அவள் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். பார், பார் என்று முதலில் ஏவினாள். பிறகு ஏவுவதையும் விட்டுவிட்டு, வேலையைக் கண்ணிடம் கொடுத்துச் சும்மா இருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அது வந்துவிட்டது. முறத்தைத் தட்டினாள். சிவப்பெல்லாம் பின்னால் போய் வெள்ளை மட்டும் மேலே மிதந்தது. விரல் கொத்தத் தொடங்கிற்று. மேஸ்திரி ஒரு தடவை அளைந்தார், அடி வரைக்கும் அளைந்தார். சொத்தையும் இல்லை, வெள்ளையும் இல்லை. "ஊம், திங்கக்கெழமை ஜல்தியா வந்து சேரு" என்று நகர்ந்தார். அப்பாடா என்றிருந்தது. சௌந்தரத்தின் வயிறு, தொட்டில், எண்ணெய், சுக்கு எல்லாம் ஒரே மூச்சில் கண் முன்னால் வந்து போயின. இடுப்பை நெளித்து மூச்சு விட்டுத் தலை நிமிர்ந்தாள்.

இடது பக்கம் எதுவோ வெள்ளையாகத் தெரிந்தது.

துரைக்கண்ணு முண்டாசை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. கறுப்பு மயிர் ஒன்றுகூட இல்லை. ஒரு தோள் இறங்கிப்போயிருந்தது. மூட்டையைப் பிடித்துத் தூக்கப் போனவன், தூக்குவதற்கு முன்னால் தராசுக் கம்பத்தில் கையை ஊன்றி நின்றான். அவள் வீட்டை விட்டு அவன் போனபோது தலைமயிர் கருகருவென்று நெற்றியில் விழும்.

"எப்ப நரைச்சிது?" என்று கேட்டாள்.

"யாருக்குடி?" என்றாள் சவுரியம்மாள்.

அம்சவள்ளிக்கு அடுத்த முறம் வந்தது. கொட்டித் தட்டினாள். வெள்ளை மேலே வந்தது. அதை எடுக்க விரல் போகும்போதெல்லாம், இடது கடைக்கண்ணில் அந்த இன்னொரு வெள்ளையும் வந்து நின்றது. அது குனிந்தது, நிமிர்ந்தது, கம்பத்தில் கை ஊன்றிற்று. ஒரு கல் தப்பிப் போயிற்று. அடுத்து ஒரு சொத்தை.

முறத்தை மடியில் வைத்தாள். இத்தனை வருஷம் அந்தக் கொட்டகையில் தலைக்குத் துணி போடாதவள், முந்தானையை இழுத்து முக்காடு போட்டு, இடது கன்னம் மறைய அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபடி பருப்பின்மேல் குனிந்தாள்.